சூரியனை முறுக்கி வைத்தவன்

திருவனந்தபுரத்தில் டிஷ் ஆன்டெனா மாட்டுகிற வேலைக்கு நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதில் முதல் பதினைந்து வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை ஊரை ஏமாற்றியிருக்கிறேன். தெரியாமல் ஏமாற்றியதால் பாவம் பாதிதான் என்பது என் கட்சி. என் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் நாலைந்து நாட்களுக்கு, பகல் பதினொன்றரை மணி வாக்கில் என் போன் ஓயாமல் அடிக்கும். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் நின்றுவிட்டது, அண்ணாச்சி உடனே வரணும் என்பார்கள். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவன் எவனானாலும் அண்ணாச்சிதான். நான் தென்காசிப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்கு அது பொருந்தியும் போயிற்று. மாடிக்கு ஏறி, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் திருப்பிப் பார்ப்பேன். படம் வராது. இன்னும் கொஞ்சம் திருப்புவேன். அதற்குள் பழைய கோணம் கையைவிட்டுப் போயிருக்கும். முக்கால் மணிநேரம் மல்லுக்கட்டி மறுபடி சிக்னலைப் பிடித்துக் கீழே இறங்கினால் டீவி பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் முகத்தில் அப்படி ஒரு நன்றி. காக்கை உட்கார்ந்து அசைத்துவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்தோம். கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ மெசேஜ் வரும், படிக்காமலே அழித்துவிடுவோம். படம் போனால் டிஷ் நகர்ந்திருக்க வேண்டும், நகர்ந்ததைத் திருப்பி வைத்து நட்டை இறுக்க முறுக்கிவிட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பர் கடைசியில், கரமனை அக்ரகாரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டில் டிஷ் மாட்டியதே நான்தான். இரண்டு நாளாகப் பதினொன்றரை மணிக்கு நியூஸ் நின்றுபோகிறதாம், நாளை சனிக்கிழமை அந்த நேரத்துக்கே போய்ப் பார், நான் பேங்கில் இருப்பேன், வீட்டில் என் மனைவி இருப்பாள் என்றார். சொன்ன நேரத்துக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் என்று கணவர் சொல்லியிருந்தார். மாடிப்படியைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடியில் ஃபைண்டரை இணைத்தேன். ஃபைண்டர் என்பது உள்ளங்கையளவு மீட்டர். டிஷ் சரியான பக்கம் திரும்பியிருந்தால் கீச்சென்று கத்தும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கு அது வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தியது. கீழே டீவியில் படம் இல்லை, மேலே மீட்டர் உயிர்போகக் கத்துகிறது. இந்த வினோதத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருமுறையும் ஏன் என்று யோசித்ததில்லை. ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்தேன்.

"ஒண்ணும் தொடாதேங்கோ. பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கோ."

டீச்சர் படிக்கட்டின் பாதியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பிடிக்காது.

"டீச்சர், இது நான் பதினஞ்சு வருஷமா பாக்குத வேலை" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அவர்.

வேண்டுமென்றே ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பார்க்கலாம், பத்து நிமிடம் கழித்து இந்த அம்மாள் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ, மீட்டரின் கத்தல் தானாக வழக்கமான அளவுக்கு இறங்கியது. கீழே கூடத்தில் நியூஸ் வாசிப்பவரின் குரல் கேட்டது. நான் எதையும் தொடவில்லை.

கீழே வந்ததும் டீச்சர் சொன்னார். டீவி சிக்னல் அனுப்புகிற செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. உங்கள் டிஷ் எப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நாட்களில் மட்டும் சூரியன் சரியாக அதன் முதுகுக்குப் பின்னால் வந்து சில நிமிடம் நின்றுவிட்டுப் போகிறது. சூரியன் வெளிச்சத்தை மட்டுமல்ல, ரேடியோ அலைகளையும் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் சன்னக் குரல் அமுங்கிவிடுகிறது. மீட்டருக்குக் குரலா இரைச்சலா என்று தெரியாது, இரண்டுக்கும் சேர்த்துக் கத்துகிறது.

நான் திருப்பிய டிஷ்கள் எல்லாம் கண்முன் வந்தன. சாலைக் கடைத்தெரு, வலியசாலை, மணக்காடு, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜுகள் என்று எத்தனை மாடிகள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை வருடமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"சூரியனைப் பாத்திண்டிருந்தேள். ரேடியோ டெலஸ்கோப் வெச்சிண்டு, தெரியாம" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டே மோர் டம்ளரை நீட்டினார். அது எனக்கு ஒரு முழம் தள்ளி, ஆளில்லாத இடத்தில் நீட்டப்பட்டது. அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்பதே எனக்குப் புரிந்தது. எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

அது ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய். முப்பது வயதில் தொடங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனாலும் அவர் ஒரு ஹைஸ்கூலில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டுதான் இருந்தார். பாடம் முழுக்க மனப்பாடம், பேசுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது, போர்டில் எழுதப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. சிக்கல் அந்தப் பள்ளிக்கூடத்தின் வானக் கிளப்பில் வந்தது. கிளப்பைத் தொடங்கியதே டீச்சர்தான். சொந்தச் செலவில் ஒரு லென்ஸ் டெலஸ்கோப் வாங்கி, பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடத்தி வந்தார். அந்த வருடம் தலைமை ஆசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அக்டோபர் கடைசியில் பொன்முடி மலைக்குப் போகிற பயணத்தோடு போதும், அதன்பிறகு கிளப் புது மாஷிடம், அதாவது புதிதாக வந்த வாத்தியாரிடம், இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்.

எனக்குத் தலைமை ஆசிரியைமேல் கோபம் பொங்கியது. டீச்சர் என்னை அடக்கினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். பகலில் டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் முன்னால் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும். அது கொஞ்சம் விலகினாலும் பிள்ளையின் கண் போய்விடும். விலகியிருக்கிறதா என்று பார்க்க என்னால் முடியாதே என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஒரு படி இறங்கியது.

"ஆனா டெலஸ்கோப்புன்னா கண்ணை வெச்சுப் பாக்கறது மட்டும்தான்னு நெனைக்கறாளே, அதைத்தான் என்னால ஒத்துக்க முடியல. இப்போ வானத்தை ஆராயறவா யாரும் கண்ணை வெச்சுப் பாக்கறதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர்ல எண்ணா வரது. எண்ணுன்னா நானும் கேக்கலாமே."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மாடியில் கத்தியதே உங்கள் மீட்டர், அதை எனக்கு ஒரு மாதம் கடன் தருவீர்களா என்று கேட்டார். பொன்முடியில் கண் வைக்காமல் சூரியனைத் தன் கையால் தேடிப் பிடித்துக் காட்ட வேண்டும், தலைமை ஆசிரியை முன்னால் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் கிளப்பைத் தக்கவைக்கக் கேட்கலாம். முடியாவிட்டால் பேசாமல் கொடுத்துவிடுவேன் என்றார். கடனெல்லாம் வேண்டாம் டீச்சர், டிஷ்ஷோடு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடப் பாவத்தில் கொஞ்சமாவது கழியட்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் காலையில் அவர் வீட்டு மாடிதான். வாடிக்கையாளர் வேண்டாமென்று கழற்றிப் போட்ட ஒரு பழைய டிஷ்ஷை, எந்தப் பக்கமும் திரும்புகிற மாதிரி ஒரு முக்காலியில் பொருத்தினேன். ஃபைண்டருக்கு ஒரு சின்ன பேட்டரி. டீச்சர் முதலில் டிஷ்ஷை இரண்டு கையாலும் தடவித் தடவி அதன் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். அங்கேதான் நான் ஒன்று சொல்லிக்கொடுத்தேன். வீட்டு டிஷ்ஷுக்கு மாறுகண், அதன் முகம் ஒரு பக்கம் இருக்கும், பார்வை அதைவிட மேலே இருக்கும். அதை நம்பி நேராகத் திருப்பினால் சூரியன் கீழே தப்பித்துவிடும். டீச்சர் சத்தமாகச் சிரித்தார், பத்து நிமிடத்தில் அந்த மாறுகண் அவருக்குப் பழகிவிட்டது.

டிஷ்ஷைத் தரைப் பக்கம் திருப்பினால் மீட்டர் கத்தியது. வெறும் வானத்துக்குத் தூக்கினால் அடங்கியது. பக்கத்து வீட்டுப் பலா மரத்துக்குத் திருப்பினால் மறுபடி கத்தியது. நான் தெரியாமல் குறுக்கே போய் நின்றேன், அதற்கும் கத்தியது. பயந்துபோய் விலகினேன். சூடாக இருக்கிற எதுவும் சும்மா இருக்காது, எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும், நீங்களும் ஒரு ஸ்டேஷன்தான் என்றார் டீச்சர். இரண்டு நாள் அந்தச் செய்தியை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கள் ஸ்டேஷன் கத்துவது எனக்குப் புதிதா என்று கேட்டாள் மனைவி.

டெலஸ்கோப் என்றால் கண்ணாடி வைத்த நீளக் குழாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வானம் எல்லாச் சேனலிலும் ஒளிபரப்பிக்கொண்டிருக்கிறது, நம் கண் ஒரே ஒரு சேனல் வருகிற டீவி என்று டீச்சர் எனக்குப் புரிகிற பாஷையில் ஆரம்பித்தார். ஆளுக்கொரு சேனல் என்று டெலஸ்கோப்புகள் பிரிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கு லென்ஸ் அல்லது குழிந்த கண்ணாடி. பெரிய லென்ஸை விளிம்பில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்க முடியும், தன் எடையிலேயே தொய்ந்துவிடும். கண்ணாடியை முதுகுப் பக்கம் முழுக்கத் தாங்கலாம். அதனால் பெரிய டெலஸ்கோப்பெல்லாம் கண்ணாடிதான். எவ்வளவு பெரிதோ அவ்வளவு மங்கலானதும் தெரியும். மழைக்கு முற்றத்தில் சொம்பு வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்றார்.

நட்சத்திரங்கள் பிறக்கிற இடத்தில் ஒரே தூசியாம். வெளிச்சம் அதைத் தாண்டி வராது, ஆனால் வெப்ப அலை வரும். அந்த அலையைப் பிடிக்கிற டெலஸ்கோப்பைப் பூமியின் சூடு எட்டாத தூரத்துக்கு அனுப்பி, நடுங்குகிற குளிரில் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அதன் உடம்புச் சூட்டையே அது பார்த்துக்கொண்டிருக்கும். இது எனக்கு உடனே விளங்கியது, டிஷ் முன்னால் நின்று கத்தவைத்தவன் அல்லவா நான். எக்ஸ்ரே டெலஸ்கோப் இன்னும் வம்பு. வானத்து எக்ஸ்ரேயை நம் காற்று கீழே விடாது, அதனால் ராக்கெட்டில் ஏற்றி மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். நேராக வைத்த கண்ணாடியை அது துளைத்துக்கொண்டு போய்விடும். குளத்து நீரில் தட்டைக் கல்லைச் சாய்த்து எறிந்தால் தத்திப் போகிற மாதிரி, உரசிப் போகும்படிதான் அதன் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்களாம். அந்தச் சேனலில் சூரியனைப் பார்த்தால் முகம் இருண்டு கிடக்கும், சுற்றியுள்ள காற்று கொதித்துக்கொண்டிருக்கும். ஒரே சூரியன்தான், ஒவ்வொரு டெலஸ்கோப்பும் அதைப் பற்றி வேறொரு செய்தி கொண்டுவருகிறது.

ரேடியோவுக்கு டிஷ். அதன் அலை நீளமானது என்பதால் டிஷ்ஷும் பெரிதாக வேண்டும். ஒரே டிஷ்ஷை அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாதபோது, பல டிஷ்களைத் தூரத்தூர வைத்து எல்லாவற்றின் சிக்னலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்களாம். திருவனந்தபுரத்தில் நான் மாட்டிய அத்தனையையும் அப்படிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். முதலில் எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பணும், உங்களால் அது ஆகாது என்றார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அவருடைய லென்ஸ் டெலஸ்கோப்பை உறையிலிருந்து எடுத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார். சனிக்கிரகத்தின் வளையத்தை அதில்தான் முதல் தடவை பார்த்தாராம். கடைசித் தடவையும் அதில்தான். ஆனால் கடைசித் தடவை எது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தார், அடுத்த முறை பார்க்கும்போது இல்லை, ஃபோகஸ் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் திருகிக்கொண்டே இருந்தாராம். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இந்த அம்மாளிடமிருந்து கிளப்பையும் பிடுங்கக் கூடாது என்று எதிரில் வந்த பஸ்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

பொன்முடி எனக்குப் புதிதல்ல. அங்கே எஸ்டேட் லயங்களில் தேயிலை பறிக்கிறவர்களின் வீடுகளுக்கு டிஷ் மாட்டியிருக்கிறேன். மேலே பாதி நாள் மூடுபனிதான், எதிரே நிற்கிறவன் தெரியமாட்டான், ஃபைண்டரின் கத்தலை வைத்துத்தான் வேலை. பலத்த மழைதான் சிக்னலை வெட்டும், மூடுபனி ஒன்றும் செய்யாது. டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

பயண நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தார்கள். நான் டிஷ்ஷையும் முக்காலியையும் பின்சீட்டில் கட்டிக்கொண்டு விடிந்ததுமே பைக்கில் கிளம்பி, கல்லாறில் ஒரு டீ குடித்துவிட்டு, வளைவு வளைவாக ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் உச்சிக்குப் போய்விட்டேன். மூடுபனி. ஆனால் நான் டிஷ்ஷைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் பனி மெலிந்து, சூரியன் வெள்ளைத் தட்டாகத் தெரிந்தது. சட்டென்று திருப்பினேன். மீட்டர் வீரிட்டது. இங்கே ஒரு நூல், அங்கே ஒரு நூல் என்று உச்சக் கத்தலைப் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். டீச்சர் வந்து தடவித் தேடித் திணற வேண்டாம், எல்லார் முன்னாலும் ஸ்விட்சைப் போட்டதும் கத்தட்டும் என்று நினைத்து, இரண்டு நட்டையும் ஸ்பேனரால் இறுக்க முறுக்கினேன். வழக்கப்படி மார்க்கர் பேனாவால் ஒரு கோடும் போட்டேன். எங்கள் தொழிலில் அந்தக் கோடு போட்டால் வேலை முடிந்தது, இனி புயலடித்தாலும் நகராது என்று அர்த்தம். பேட்டரி வீணாகாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

பஸ் வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. பனி மறுபடி கெட்டியாகி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள், தலைமை ஆசிரியை, புது மாஷ், டீச்சர். புது மாஷ் நல்ல மனுஷர், சின்ன வயது, வாட்டசாட்டமான கண்ணாடி டெலஸ்கோப் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார். ஃபில்டரை மாட்டி, அரைமணி நேரம் சூரியனைத் தேடினார். பனி தவிர ஒன்றும் இல்லை. டீச்சரின் லென்ஸ் டெலஸ்கோப்பால் சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைப்பதாக இருந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்கிவிடலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, மூணாவது டெலஸ்கோப் இருக்கே, ஆன் பண்ணுங்கோ என்றார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நான் மந்திரவாதி மாதிரி ஸ்விட்சைப் போட்டேன்.

ஒரு முனகல் கூட இல்லை.

பேட்டரியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். மீட்டரின் குமிழைத் திருகினேன். கோடு போட்ட இடத்தில் டிஷ் ஒரு இம்மி நகரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. டீச்சரின் கிளப்பை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் கிட்டே வந்து, டிஷ்ஷை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. நட்டைத் தடவினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "எப்போ முறுக்கினேள்?"

"ஒம்பது மணி இருக்கும் டீச்சர். நல்லா கத்திச்சு. அதான் அசையாம முறுக்கி வச்சேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "சூரியனைப் போய் முறுக்கி வெச்சிருக்கேளே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து வருடமாக நான் பார்த்த வானத்தில் எதுவும் நகர்ந்ததில்லை. என் செயற்கைக்கோள்கள் ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் நிற்கிறவை, கண்டுபிடித்து முறுக்கிவிட்டால் ஆயுசுக்கும் போதும். சூரியன் உதித்து மேலே ஏறி மேற்கே போகும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் ஸ்பேனரைப் பிடித்த என் கைக்குத் தெரியவில்லை. நட்டுகளைத் தளர்த்திவிட்டு விலகி நின்றேன்.

டீச்சர் இரண்டு கையாலும் டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்தார். முதலில் கீழே சாய்த்தார். மலைச்சரிவுக்கு மீட்டர் கத்தியது. இது தரை, சூடாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். மெல்லத் தூக்கினார். கத்தல் அடங்கியது. இது வெறும் வானம், குளிர்ந்து கிடக்கிறது. பிறகு இடமிருந்து வலமாக ஒரு கோடு, கொஞ்சம் உயர்த்தி வலமிருந்து இடமாக ஒரு கோடு, சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் மாதிரி வரிசையாகத் துழாவிக்கொண்டே போனார். அவசரமே இல்லை. ஐந்தாவது வரிசையில் மீட்டர் லேசாக முனகியது. அங்கேயே நின்று, ஒரு நூல் முன்னும் பின்னும் அசைத்தார். வீல் என்று கத்தியது. எல்லாரும் மேலே பார்த்தோம். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"இதோ இருக்கான்" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் கை தட்டத் தொடங்கினார்கள். புது மாஷ் கொஞ்சம் தயங்கி, மன்னிக்க வேண்டும் டீச்சர், டீவி செயற்கைக்கோளாக இருந்தாலும் இப்படித்தானே கத்தும் என்று மலையாளத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத்தான் அந்த ஆளைத் தேயிலைச் சரிவில் உருட்டிவிடலாமா என்றிருந்தது. தலைமை ஆசிரியை டீச்சரின் முகத்தையே பார்த்தார். டீச்சர் டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தார். யாரும் தொடக் கூடாது, பேசாமல் நில்லுங்கள், செயற்கைக்கோளாக இருந்தால் நாளைக்கும் இங்கேயே கத்தும், சூரியனாக இருந்தால் தானே போய்விடும் என்றார்.

நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். போய்விடு, போய்விடு என்று நான் வேண்டிக்கொண்டேன். சிக்னல் போக வேண்டும் என்று என் வாழ்நாளில் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். ஐந்தாவது நிமிடம் தாண்டியதும் கத்தல் லேசாக இளைத்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இளைத்து, முனகலாகி, பத்தாவது நிமிடத்தில் நின்றுபோயிற்று. டிஷ் அங்கேயே இருந்தது. டீச்சர் விளிம்பைப் பிடித்து மேற்குப் பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்தினார். மறுபடி வீல் என்று கத்தியது.

முதலில் கை தட்டியது புது மாஷ்தான். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார்கள். கண் திறந்திருந்தால் பனியைப் பார்த்துக் குழம்புகிறது என்று அவர்களே கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தேடினார்கள். டீச்சர் பக்கத்தில் நின்று, மேலே, இன்னும் இடது பக்கம், அவசரப்படாதே என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தலைமை ஆசிரியை வந்தார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, டிஷ்ஷைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினார். மீட்டர் அலறியது.

"கிட்டி" என்றார் சந்தோஷமாக, கண்ணைத் திறக்காமலே. கிடைத்துவிட்டதாம்.

"அது தேயிலை, மேடம்" என்றார் டீச்சர். "சூரியன் இன்னும் ரொம்ப மேலே."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பனியே கலைந்துவிடும் போலிருந்தது. தலைமை ஆசிரியையும் சிரித்தார். ஆனால் கையை எடுக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும், முதலிலிருந்து சொல்லிக்கொடு என்றார். டீச்சர் பின்னால் போய் அவர் கைகள்மேல் தன் கைகளை வைத்தார். தரை, வெறும் வானம், ஒவ்வொரு வரிசையாக. இரண்டு பேரும் கண் இல்லாமல் மெல்லத் துழாவிக்கொண்டு போனார்கள். முனகல் கேட்டது. தலைமை ஆசிரியை தானாகவே நிறுத்தி, ஒரு நூல் பின்னால் இழுத்தார். சரியாகப் பிடித்துவிட்டார்.

அப்படியே நின்றபடி, மீட்டரின் கத்தலுக்கு மேலே கேட்கும்படி சொன்னார்: ஃபில்டரை மாஷ் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு, டீச்சர் நடத்துகிற கிளப் அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமை என்று கேட்டார், நானும் வரவேண்டுமே என்றார்.

அவர் கைகள் தலைமை ஆசிரியையின் கைகள்மேல் அப்படியே இருந்தன. ஐந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும், மீட்டர் இளைக்க ஆரம்பித்தது.

"சொல்றேன் மேடம்" என்றார் டீச்சர். "முதல்ல நகத்துங்கோ, போயிண்டிருக்கான்."